வலப்பக்கம்

மற்ற ஊர்களில் மருந்துக்குப் பனிக்கட்டி காவல்.
எங்கள் ஊரில் பனியிடமிருந்து
மருந்தைக் காக்க வேண்டும்.
சுழியத்துக்குக் கீழே முப்பத்தெட்டு.
இரவில் மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டுப்
படுத்துக்கொண்டது.
விடிவதற்குள் அந்த அறையிலேயே
கொஞ்சம் சூடான இடம் ஃபிரிட்ஜ்தான்.
அந்தக் கொஞ்சம் போதவில்லை.

செரன்ல்ஹாம் குப்பியைக் குலுக்கி
மேசையில் வைத்துக் காத்திருந்தாள்.
தெளிந்த நீர் மேலே,
துருவல் துருவலாக ஏதோ கீழே.
"பூ விழுந்துவிட்டது" என்றாள்.
கண்ணில் விழுந்தால் அறுத்தெடுக்கலாம்.
மருந்தில் விழுந்தால் கொட்டத்தான் வேண்டும்.
பதினொரு குப்பிகள். பதினொன்றிலும்.

பிள்ளை பிறந்தது நாலு பத்துக்கு.
தாய் மிச்சிட்மா,
அறுமீனின் பெயர் வைத்துக்கொண்டவள்.
சோதனைப் பட்டையில் இரண்டு கோடு வந்தவள்,
ஏழாம் மாதத்திலிருந்து
ஒரு மாத்திரையும் தவறவிடாதவள்.
கைகளைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு
"பால் கொடுக்கலாமா?" என்று
சுவரைப் பார்த்துக் கேட்டாளாம்.
செரன்ல்ஹாம் பதில் சொல்லவில்லை.
பிள்ளையைத் தூக்கி அவள் மார்பில் வைத்துவிட்டு
என்னைத் தேடி வந்தாள்.
"இருபத்துநாலு மணி நேரம் என்று புத்தகம் சொல்லும்.
நீ அதைக் கேட்காதே, சந்துய்ஜாவ். ஓட்டு."

வண்டிக்கடியில் தீ மூட்டி எண்ணெயை இளக்கி
ஆறு மணிக்குக் கிளம்பினேன்.
பக்கத்து ஊர் எண்பது கிலோமீட்டர்.
பக்கம் என்பது எங்கள் நாட்டில்
நீளமான சொல்.

இரண்டு குப்பி தந்தார்கள், மூன்று கையெழுத்து வாங்கினார்கள்.
வண்டி ஹீட்டர் அக்டோபரிலேயே செத்துவிட்டது.
இடப்பக்கக் கதவிடுக்கில் காற்று வரும்.
அதனால் கம்பளிக் காலுறையில் சுற்றி
அங்கிக்குள், பனியனுக்கு மேலே,
வலப்பக்கம் விலாவுக்குக் கீழே செருகினேன்.

பாதி வழியில்தான் உறைத்தது:
அங்கேதான் என் கல்லீரல் இருக்கிறது.

அம்மா எனக்குத் தந்தவை
கன்னத்தில் ஒரு குழி,
'ர' வராத நாக்கு,
இது.
தந்தது அவளுக்கே தெரியாது.
நான் பிறந்த வருடம் இந்த ஊசி
எங்கள் பக்கம் எட்டிப் பார்த்திருக்கவில்லை.
இருபத்தாறு வயதில், ரத்தம் கொடுக்கப் போன இடத்தில்
"உங்களுடையது வேண்டாம்" என்றார்கள்,
மரியாதையாகத்தான்.
இப்போது ஆறு மாதத்துக்கொரு தடவை
வயிற்றில் பசை தடவிக் கருவியை உருட்டி
"இன்னும் ஒன்றுமில்லை" என்கிறார்கள்.
அந்த 'இன்னும்' மட்டும்
என்னோடு வீட்டுக்கு வரும்.

முதலில் குப்பி சில்லென்று குத்தியது.
பிறகு அது இருப்பதே தெரியாமல்
இரண்டு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன்.
நோய் குடியிருக்கும் இடம்தான்.
சூடு என்னவோ நல்ல சூடு.

உறைந்த ஆற்றின் நடுவில் ஓர் ஒட்டகம்
ஒதுங்க மாட்டேன் என்றது.
ஹாரன் வேலை செய்யவில்லை.
இறங்கிப் போய்க் கெஞ்சினேன்,
வலது கையை விலாவிலிருந்து எடுக்காமல்.
கல்யாணத்துக்குப் பெண் கேட்டபோதுகூட
அவ்வளவு பணிவு இல்லை.

பதினொன்றே கால்.
குலுக்கினாள். ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள்.
அடி முதல் நுனி வரை
ஒரே சீரான வெண்கலங்கல்.
கட்டைவிரல் பருமன் தொடை அது.
அழுகை கேட்டதும்
போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகளும்
வெளியே வந்துவிட்டன.

பதிவேட்டில் ஒரு கட்டம்:
வழியில் மருந்து இருந்த வெப்பநிலை.
செரன்ல்ஹாம் பேனாவோடு என்னைப் பார்த்தாள்.
"ஆள் சூடு" என்றேன்.
அது எண் இல்லை என்றாள்.
அப்படியே எழுதினாள்.

இன்னும் மூன்று தவணை இருக்கிறது.
கடைசித் தவணைக்கு
புல் தலைகாட்டியிருக்கும்.
இந்த 'இன்னும்' பரவாயில்லை.

நான் ஜெனரேட்டரைப் பிரிக்கப் போனேன்.